பிளஸ் டூ போகிற பொண்ணு, கோர்ட் வேலை பழகணும்னு நிக்கிறா. யாரைப் போய்க் கேட்கறது?

டயர்கடைக்காரன் | ஏப்ரல் 6, இரவு 10.12

எல்லாருக்கும் வணக்கம். மதுரைக்குத் தெற்கே ஒரு தாலுகா ஊரில் டயர் ரீட்ரேடிங் கடை வச்சிருக்கேன். எங்க குடும்பத்துல வக்கீலும் கிடையாது, கோர்ட் உத்தியோகமும் கிடையாது. கோர்ட்டுக்கும் எங்களுக்கும் இருந்த ஒரே பந்தம் எங்க அப்பா போட்ட பாகப்பிரிவினை வழக்கு. 14 வருஷம் ஓடுச்சு. கடைசி நாலு வருஷம் அப்பாவுக்குக் கண் மங்கிப் போச்சு. வாய்தா அன்னைக்கு ஸ்கூல் லீவா இருந்தா என் மகதான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவா. கோர்ட் வாசல் வேப்பமரத்தடியில உட்கார்ந்து வக்காலத்து, பிராது, எதிர்வுரைன்னு எல்லாத்தையும் காதுல வாங்கிட்டு வந்திருக்கா. இப்ப பிளஸ் ஒன் காமர்ஸ் முடிச்சிட்டா. படிச்சா சட்டம்தான்னு ஒரே பிடி.

எனக்கு மறுப்பு இல்லை. வேப்பமரத்தடியில வந்த ஆசை உள்ளே போனாலும் நிக்குமான்னு தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான். மே லீவுல ஒரு பத்து நாள் வக்கீல் ஆபீஸ்ல உட்கார வைக்கலாம்னு தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர்கிட்ட கேட்டேன். “முதல்ல காலேஜ்ல சேரட்டும்ணே”ன்னுட்டார். இன்னொருத்தர் போனே எடுக்கலை. சம்பளம் எல்லாம் வேண்டாம். பள்ளிக்கூடப் பிள்ளையை யாராவது சேர்த்துக்குவாங்களா? சேர்த்தா அது சட்டப்படி சரிதானா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.


ஓரக்கண் | ஏப்ரல் 6, இரவு 10.31

பிளஸ் டூ மார்க்கைப் பாருங்க சார். கோர்ட் எங்கேயும் ஓடிப் போகாது. பதினாறு வயசுப் பொண்ணை அடிதடி, விவாகரத்து, போலீஸ் நிக்கிற இடத்துக்கு அனுப்பி என்ன பழகப் போறா?


நாலாம்_வருஷம் | ஏப்ரல் 6, இரவு 11.05

அண்ணா, நான் அரசு சட்டக் கல்லூரியில் பி.ஏ. எல்எல்.பி. நாலாம் வருஷம். ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன். இந்த அனுபவத்தால அட்மிஷனுக்கு ஒரு மார்க்கும் கூடாது. தமிழ்நாடு அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்துக் கல்லூரிகள்ல அஞ்சு வருஷப் படிப்புக்கு பிளஸ் டூ மார்க்தான் கணக்கு, நுழைவுத் தேர்வு இல்லை. திருச்சி தேசிய சட்டப் பல்கலை மாதிரி இடங்களுக்கு கிளாட்ங்கிற நுழைவுத் தேர்வு எழுதணும். 2 மணி நேரம், 120 கேள்வி. அதுலயும் ‘வக்கீல் ஆபீஸ்ல இருந்தியா’ன்னு யாரும் கேட்கப் போறதில்லை. அரசுப் பள்ளியா இருந்தா 7.5 சதவீத ஒதுக்கீடு சட்டப் படிப்புக்கும் உண்டு, அதை மறந்துடாதீங்க.

கல்லூரிக்கு வந்த பிறகு பயிற்சி கட்டாயம். அஞ்சு வருஷப் படிப்புக்கு மொத்தம் 20 வாரமாவது போகணும்னு பார் கவுன்சிலோட 2008 விதி சொல்லுது. நீங்க கேட்ட வக்கீல் அதை மனசுல வச்சுத்தான் ‘காலேஜ் சேர்ந்துட்டு வா’ன்னு சொல்லியிருப்பார். அவர் மேல தப்பு இல்லை.

ஆனா எங்க வகுப்புல முதல் வருஷத்துலயே விட்டுட்டுப் போன ரெண்டு பேரும் கோர்ட்டையே பார்க்காம வந்து சேர்ந்தவங்க. அதனால நீங்க யோசிக்கிறது சரின்னுதான் எனக்குப் படுது.


கறுப்புக்கோட்டு | ஏப்ரல் 7, காலை 6.20

டயர்கடை அண்ணாச்சிக்கு, நான் மதுரையில் 17 வருஷமா தொழில் பண்றேன். பெரும்பாலும் சிவில், கொஞ்சம் குடும்ப நல வழக்கு. நீண்ட பதில்தான், டீயைக் கையில வச்சுக்கிட்டுப் படிங்க.

முதல்ல, ஆபீஸைத் தேடாதீங்க. கோர்ட்டே திறந்துதான் கிடக்குது. வழக்கு நடக்கிற இடம் திறந்த நீதிமன்றம், இடம் இருக்கிற வரைக்கும் பொதுமக்கள் வந்து உட்காரலாம்னு சட்டமே சொல்லுது. கிரிமினல் பக்கம் முன்னே குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 327-வது பிரிவு, 2024 ஜூலை 1-லிருந்து புதுச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 366. சிவில் பக்கம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்துல 153-பி. இதுல எதுலயும் வயசு வரம்பு எழுதலை. ஆனா இன்னார் இங்கே இருக்க வேண்டாம்னு வெளியே அனுப்புற அதிகாரம் நீதிபதிக்கு உண்டு. அதனால தலைமையாசிரியர்கிட்ட ஒரு கடிதம் வாங்கி, முதல் நாள் காலையில கோர்ட் உட்காரும் முன்னாடியே நீதிபதிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிற பெஞ்ச் கிளார்க் கையில கொடுத்துடுங்க. ‘இந்த மாணவி விசாரணையைப் பார்வையிட அனுமதி வேண்டி’ன்னு நாலு வரி போதும். அந்தக் கடிதம் இல்லாம போனாலும் உட்காரலாம்தான். இருந்தா யாரும் ‘நீ எந்தக் கேஸ் பார்ட்டிம்மா?’ன்னு கேட்க மாட்டாங்க.

ரெண்டாவது, நீங்க சொல்ற மே மாசம். இங்கதான் எல்லாரும் மாட்டிக்கிறாங்க. ஸ்கூலுக்கு லீவு விடுற அதே மே மாசம் ஹைகோர்ட்டுக்கும் சிவில் கோர்ட்டுகளுக்கும் லீவு. வக்கீல்கள்ல பாதிப் பேர் கொடைக்கானல்ல இருப்பாங்க. ஆனா கிரிமினல் வழக்கு பார்க்கிற மாஜிஸ்திரேட் கோர்ட் மேயிலும் நடக்கும். ஏப்ரல்ல ஸ்கூல் விட்டதும் ஒரு வாரம் சிவில் வழக்கு பார்க்கிற முன்சீப் கோர்ட், மேயில் ஒரு வாரம் மாஜிஸ்திரேட் கோர்ட்னு வச்சுக்கோங்க.

மூணாவது, போகக் கூடாத இடம். போக்சோ வழக்கும் பாலியல் வன்கொடுமை வழக்கும் மூடிய அறையில நடக்கும். சிறார் நீதிக் குழுமமும் அப்படித்தான். குடும்ப நல கோர்ட்லயும் நான் உட்கார வைக்க மாட்டேன். அங்கே அழுதுக்கிட்டு நிக்கிறவங்களுக்கு வேடிக்கை பார்க்க ஒரு ஆள் தேவையில்லை.

உடுப்பு: வெள்ளை சுடிதார், கறுப்புத் துப்பட்டா வேண்டவே வேண்டாம். ஜூனியர்னு நினைச்சு யாராவது கையில ஒரு கேஸ் கட்டைத் திணிச்சிட்டு ‘மேடம், எங்க கேஸைக் கூப்பிட்டா வாய்தா கேளுங்க’ன்னு ஓடிடுவாங்க. சிரிக்காதீங்க, என் தங்கச்சிக்கு நடந்தது. போன் அணைச்சு பைக்குள்ள. படம், ரெக்கார்டிங் எதுவும் கூடாது. கால் மேல கால் போடக் கூடாது. நீதிபதி வரும்போதும் எழும்போதும் எழுந்து நிக்கணும்.

முதல் நாள் கண்டிப்பா சலிப்பா இருக்கும். பத்தரை மணிக்குக் கூப்பிட ஆரம்பிச்சு ஒரு மணி நேரத்துல இருபது முப்பது கேஸ் ஓடிடும். நம்பர், பேர், ‘ஆஜர்’, ‘சாட்சிக்கு சம்மன் சார்வாகலை’ (அதாவது போய்ச் சேரலை), அடுத்த தேதி. அவ்வளவுதான். கூப்பிட்டு முடிச்ச பிறகுதான் சாட்சியைக் கூண்டுல ஏத்துவாங்க. பெரும்பாலான பார்வையாளர்கள் அதுக்குள்ள எழுந்து போயிடுவாங்க. பிள்ளைகிட்டே சொல்லுங்க, பன்னிரண்டு மணிக்கு மேலேதான் பள்ளிக்கூடம். குறுக்கு விசாரணையில வக்கீல் கேட்கிற கேள்வியை மட்டும் ஒரு பக்கம் எழுதட்டும், சாட்சி சொல்ற பதிலை எதிர்ப் பக்கம். மூணு நாள் எழுதினா தானே புரியும், எந்தக் கேள்வி சாட்சிக்காகக் கேட்டது, எந்தக் கேள்வி நீதிபதி காதுக்காகக் கேட்டதுன்னு.

இன்னொரு வசதி, நம்ம ஊர் கீழ் கோர்ட்டுகள்ல மொழி தமிழ். 1976-லேயே சட்டத் திருத்தம் வந்தாச்சு. சாட்சியம் தமிழ்ல பதிவாகும், பல தீர்ப்புகளும் தமிழ்லயே வருது. ஹைகோர்ட்லதான் ஆங்கிலம். காமர்ஸ் படிக்கிற பிள்ளைக்கு முன்சீப் கோர்ட் நல்லாவே புரியும்.


ஓரக்கண் | ஏப்ரல் 7, காலை 8.02

குடும்ப நல கோர்ட் விஷயம் சொன்னது சரி மேடம். அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்.


கறுப்புக்கோட்டு | ஏப்ரல் 7, காலை 8.10

நீங்க சொன்னது ‘எதுக்கும் போகாதே’ன்னு. நான் சொல்றது ‘இங்கே போகாதே’ன்னு. ரெண்டும் ஒண்ணு இல்லை சார்.


பழைய_குமாஸ்தா | ஏப்ரல் 7, பகல் 2.45

மேடம் சொன்னது எல்லாம் கோர்ட் ஹாலுக்குள்ள. நான் வெளியே நடக்கிறதைச் சொல்றேன். 1982-ல எனக்குப் பதினாறு வயசு. எங்க மாமா ஒரு சீனியர்கிட்ட குமாஸ்தா. அவரோட சைக்கிளுக்குப் பின்னாடி கட்டைத் தூக்கிட்டுப் போக ஆரம்பிச்சேன். இன்னைக்கு வரைக்கும் அதே தொழில்தான். நாலு ஜூனியர்கள் ஜட்ஜ் ஆயிட்டாங்க, அவங்களுக்கு முதல் முதல்ல டாக்கெட் (மனுவோட பின்பக்கக் குறிப்பு) எழுதக் கத்துக் கொடுத்தது நான்தான்.

தம்பி, பிள்ளையை வக்கீல்கிட்ட விடாதீங்க, குமாஸ்தாகிட்ட விடுங்க. வக்கீலுக்கு நேரம் கிடையாது. நாங்க நாள் முழுக்கப் பேசிக்கிட்டே வேலை பார்ப்போம். ஆபீஸ்ல ஒரு டைரி இருக்கும். இன்னைக்குத் தேதியில எத்தனை கேஸ், ஒவ்வொண்ணுக்கும் போன வாய்தா எப்ப, எதுக்காகப் போட்டிருக்கு, சாயங்காலம் வந்ததும் அடுத்த தேதி என்ன. இந்த டைரி ஒரு நாள் தப்பினா கட்சிக்காரன் மேல எக்ஸ்பார்ட்டி (ஆள் வரலைன்னு ஒருதலைப்பட்ச உத்தரவு) ஆகிடும். ஒரு மனு எப்படி மடிக்கணும், பின்பக்கம் எதை எழுதணும், கோர்ட் கட்டண வில்லை எவ்வளவுக்கு ஒட்டணும், நகல் மனு எங்கே போடணும், ஏன் திருப்பி அனுப்புறாங்க, திரும்ப எப்படிப் போடணும். இதெல்லாம் எந்தக் காலேஜ்லயும் சொல்லித் தர்றதில்லை. பட்டம் வாங்கி கோட்டு மாட்டிட்டு வர்ற பசங்க ஆறு மாசம் என் மேஜைப் பக்கம்தான் சுத்துவாங்க.

இன்னொரு சங்கதி. தமிழ் டைப்ரைட்டிங். சிரிப்பீங்க, ஆனா கோர்ட்ல தமிழ்ல தப்பில்லாம டைப் அடிக்கத் தெரிஞ்ச ஜூனியருக்கு எப்பவும் கிராக்கி.

கட்டுல படிச்சதை வீட்ல கூடப் பேசக் கூடாது. அது முதல் பாடம். வக்கீலுக்கு மட்டும் இல்லை, அவரோட குமாஸ்தாவுக்கும் வேலைக்காரங்களுக்கும் அந்தக் கட்டுப்பாடு சட்டத்துலயே இருக்கு. பழைய சாட்சியச் சட்டத்துல 126, 127. இப்ப சட்டத்தோட பேரை மாத்தி, 132-வது பிரிவுன்னு வந்திருக்கு.


ஷரத்து_சங்கர் | ஏப்ரல் 7, மாலை 4.30

குமாஸ்தா ஐயா மன்னிக்கணும். நீங்க 1982-ல பதினாறு வயசுல சைக்கிள்ல போனீங்க, அது அந்தக் காலம். கேள்வி கேட்டவர் ‘சட்டப்படி சரியா’ன்னு கேட்டிருக்கார், அதுக்கு யாரும் பதில் சொல்லலை.

1986 குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-ல திருத்தினாங்க. 14-க்குக் கீழே வேலைக்கே வைக்கக் கூடாது (சொந்தக் குடும்பத் தொழில், கலைத்துறைன்னு சில விலக்கு உண்டு). 14 முதல் 18 வரை ‘வளரிளம் பருவத்தினர்’. ஆபத்தான தொழில்ல வைக்கக் கூடாது. மத்த நிறுவனங்கள்ல வைக்கலாம், ஆனா நேரக் கட்டுப்பாடு: தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல இல்லை, நடுவுல ஒரு மணி நேரம் ஓய்வு, ஓய்வையும் காத்திருக்கிறதையும் சேர்த்து நாளைக்கு 6 மணி நேரத்துக்கு மேல போகக் கூடாது, சாயங்காலம் 7 முதல் காலை 8 வரை கூடவே கூடாது. வாரத்துல ஒரு நாள் முழு விடுமுறை.


பழைய_குமாஸ்தா | ஏப்ரல் 7, மாலை 5.15

வக்கீல் ஆபீஸ் என்ன பட்டாசு கம்பெனியா தம்பி? அது ‘நிறுவனம்’னு யார் சொன்னா? சுப்ரீம் கோர்ட்டே இல்லைன்னு சொல்லியிருக்கு.


ஷரத்து_சங்கர் | ஏப்ரல் 7, மாலை 5.40

நீங்க சொல்றது 1984 தீர்ப்பு. கேரளாவோட கடைகள் நிறுவனங்கள் சட்டத்துல வக்கீல் அலுவலகம் ‘வணிக நிறுவனம்’ ஆகாதுன்னு சொன்னாங்க. அது அந்தச் சட்டத்துக்கான விளக்கம். குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்கு அதை அப்படியே இழுக்க முடியுமான்னு வாதாடலாம், அதுக்கு நம்ம டயர்கடை அண்ணன் மகளை வச்சு ஒரு டெஸ்ட் கேஸ் நடத்த வேண்டியதில்லை. சட்டம் பொருந்துதோ இல்லையோ, அந்த நேரக் கணக்கை அப்படியே கடைப்பிடிச்சா யாருக்கும் நஷ்டமில்லை. வேலைக்குச் சேர்க்கலை, பார்க்க வந்திருக்காள்னு இருக்கட்டும். சம்பளமும் வேண்டாம், பொறுப்பும் வேண்டாம்.


பழைய_குமாஸ்தா | ஏப்ரல் 7, மாலை 5.52

டெஸ்ட் கேஸ் வார்த்தை நல்லாயிருக்கு. சரி, ஒத்துக்கிறேன். ஆனா ஆறு மணி நேரத்துல கட்டு கட்டக் கூட வராது.


செல்லம்மா_நெல்லை | ஏப்ரல் 7, இரவு 9.20

ஏழு மணிக் கணக்குதான் முக்கியம்னு நானும் சொல்லுதேன். எங்க பையன் பதினொண்ணு முடிச்சப்ப இப்படித்தான் ஒரு ஆபீஸ்ல விட்டோம். எந்த ஊரு, யாருன்னு சொல்ல மாட்டேன். பகல்ல வக்கீல் கோர்ட்டுக்குப் போயிடுவாரு, பிள்ளை ஆபீஸ்ல சும்மா உட்கார்ந்திருப்பான். டீ வாங்கப் போவான், ஜெராக்ஸ் எடுக்கப் போவான். கட்சிக்காரங்க வர்றதே சாயங்காலம் ஆறு மணிக்கு மேலதானே? ராத்திரி ஒம்பதரைக்கு வருவான். ஒரு நா ஒரு பொம்பளை புருஷன் அடிச்ச காயத்தைக் காட்டி அழுதிருக்கு, இவன் அதே ரூம்ல மின்விசிறிக்கு அடியில நின்னிருக்கான். வெளியே போன்னு யாரும் சொல்லலை. ரெண்டு நா சரியாச் சாப்பிடலை பிள்ளை. இப்ப அவன் பி.காம். படிக்கான். சட்டம்னா வேண்டாம்ங்கான். ஒருவேளை அவனுக்கு அது ஒத்து வரலியோ என்னவோ, இல்ல நாங்க விட்ட இடம் சரியில்லியோ, இன்னைக்கும் எனக்குத் தெரியலை.


கறுப்புக்கோட்டு | ஏப்ரல் 7, இரவு 10.05

அக்கா, பிள்ளை மேல தப்பு இல்லை. அந்த அம்மா பேச ஆரம்பிக்கும்போதே அவனை வெளியே அனுப்பியிருக்கணும். கட்சிக்காரரோட ரகசியத்தைக் காக்க வேண்டிய கடமை வக்கீலுக்கு. எதிர்க்க ஒரு மாணவன் நிக்கிறப்ப அவங்ககிட்ட ‘இவர் இருக்கலாமா’ன்னு ஒரு வார்த்தை கேட்காம விடறது எனக்குப் புரியவே மாட்டேங்குது.

அண்ணாச்சி, ஆபீஸ்லதான் விடணும்னா இப்படிப் பண்ணுங்க. பெண் வக்கீலும் இன்னும் ரெண்டு பேராவது இருக்கிற ஆபீஸாப் பாருங்க. காலையில நீங்களே விடுங்க, நாலு மணிக்கு நீங்களே கூப்பிடுங்க. மாலை ஆபீஸ் வேண்டாம். கட்சிக்காரர் வந்தா பிள்ளை அடுத்த அறை. இந்த நாலையும் கேட்டு முகம் சுளிக்கிற ஆபீஸ் உங்களுக்கு வேண்டாம்.

அப்புறம், தாத்தாவோட கேஸ் கட்டு வீட்ல இருக்கா? இருந்தா அதைவிட நல்ல பாடப் புத்தகம் கிடையாது. அது உங்க சொந்தக் கட்டு, ரகசியப் பிரச்சினையும் இல்லை. பிராது (வழக்குப் போட்டவர் மனு), எதிர்வுரை (எதிராளி பதில்), எழுவினா (கோர்ட் முடிவு பண்ண வேண்டிய கேள்விகள்), சாட்சியம், தீர்ப்புன்னு வரிசையா அடுக்கச் சொல்லுங்க. பாகப்பிரிவினையில ரெண்டு தீர்ப்பாணை உண்டு. யாருக்கு எத்தனை பங்குன்னு சொல்ற முதல்நிலைத் தீர்ப்பாணை, கோர்ட் அனுப்புற கமிஷனர் வந்து அளந்து இந்தத் துண்டு உனக்கு அந்தத் துண்டு எனக்குன்னு பிரிக்கிற இறுதித் தீர்ப்பாணை. முதலாவது வந்ததும் ஜெயிச்சாச்சுன்னு வீட்டுக்குப் போனவங்க நிறைய. ஏன் 14 வருஷம் ஆச்சுன்னு அவளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்க. கேஸ் நம்பர் இருந்தா இ-கோர்ட்ஸ் செயலியில தேடலாம். ஒவ்வொரு வழக்குக்கும் தனியா இருக்கிற, எழுத்தும் எண்ணுமா 16 இடம் உள்ள சி.என்.ஆர். எண் கிடைச்சா இன்னும் சுலபம். ஒவ்வொரு தேதியையும் தொட்டா அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு ஒரு வரி வரும். ரொம்பப் பழைய தேதி இருக்காது.


டயர்கடைக்காரன் | ஏப்ரல் 7, இரவு 10.40

கட்டு டிரங்குப் பெட்டியில இருக்கு மேடம். அப்பா ஒரு தாளைக் கூடத் தூக்கிப் போட்டதில்லை. நாள்காட்டித் தாள்ல வாய்தா தேதி எழுதி வச்சதெல்லாம் அப்படியே கிடக்கு. 14 வருஷத்துக்கும் எதிர்த்தரப்புதான் காரணம், எங்க சித்தப்பா வாய்தா மேல வாய்தா வாங்கி இழுத்தடிச்சார். அது எங்க தெருவுக்கே தெரியும்.


சமூக_அறிவியல் | ஏப்ரல் 8, காலை 7.15

அரசுப் பள்ளி ஆசிரியை. எங்க பள்ளியில சட்ட விழிப்புணர்வு மன்றம் இருக்கு. உங்க மகள் பள்ளியிலயும் இருக்கான்னு கேளுங்க, இல்லைன்னா தொடங்கச் சொல்லுங்க. மாவட்ட நீதிமன்ற வளாகத்துலயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும், தாலுகாவுல வட்டச் சட்டப் பணிகள் குழு. தலைமையாசிரியர் மூலமா எழுதிக் கேட்டோம். பதினெட்டுப் பிள்ளைகளோட, சமரசம் பேசி வழக்கை முடிக்கிற லோக் அதாலத் பார்க்க அனுமதிச்சாங்க. தேசிய லோக் அதாலத் வருஷத்துக்கு ஏறக்குறைய நாலு தடவை, பெரும்பாலும் சனிக்கிழமை, அதனால ஸ்கூல் கெடாது.

பிள்ளைகளுக்கு அது ரொம்பப் பிடிச்சிருந்தது. விபத்து இழப்பீடு, வங்கிக் கடன், செக் கேஸ்னு எதிரெதிரா உட்கார்ந்து பேரம் பேசுறதைப் பக்கத்துல இருந்து பார்த்தாங்க. சமரசம் ஆகிட்டா அதுக்கு மேல அப்பீல் கிடையாது, கட்டின கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும்னு ஒரு நீதிபதியே அவங்களுக்கு விளக்கினார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டுன்னு அன்னைக்குத்தான் எங்க பிள்ளைகளுக்கே தெரிஞ்சது. 15100-ங்கிற சட்ட உதவித் தொலைபேசி எண்ணை ஒரு பையன் கையிலயே எழுதிக்கிட்டான்.


மண்ணடி_மைந்தன் | ஏப்ரல் 8, காலை 9.50

சென்னைக்கு வந்தா ஹைகோர்ட்டைக் காட்டாம அனுப்பாதீங்க. 1892-ல திறந்த கட்டடம். அந்தப் பெரிய கோபுரத்து மேல 1977 வரைக்கும் கலங்கரை விளக்கு எரிஞ்சது. உள்ளே மனுநீதிச் சோழன் சிலை இருக்கு, அருங்காட்சியகமும் இருக்கு. 2015-லிருந்து வாசல்ல மத்தியப் படை நிக்குது. அடையாள அட்டை காட்டி நுழைவுச் சீட்டு வாங்கணும். மதுரைக் கிளையிலயும் அப்படித்தான். ஆனா உட்கார்ந்து பழகுறதுக்கு நான் கூட தாலுகா கோர்ட்டுக்குத்தான் ஓட்டு. ஹைகோர்ட்ல சாட்சி விசாரணையை அபூர்வமாத்தான் பார்க்க முடியும். ரெண்டு பக்கமும் வக்கீல் பேசுவாங்க, முடிஞ்சது.

வீட்டிலிருந்தே பார்க்கணும்னா சுப்ரீம் கோர்ட் அரசியல் சாசன அமர்வு 2022 செப்டம்பர்லிருந்து யூடியூபில் வருது. அதை நேரலையாக் காட்டணும்னு கேட்டு வழக்குப் போட்டவர்களில் ஒருத்தர் அப்ப சட்டக் கல்லூரி மாணவர். 2018-ல அவர் பேர்லயே தீர்ப்பு வந்தது, ஸ்வப்னில் திரிபாதி வழக்கு. மகளுக்கு இதைச் சொல்லுங்க.


டயர்கடைக்காரன் | மே 29, இரவு 9.05

தாமதத்துக்கு மன்னிக்கணும். எல்லாரும் இவ்வளவு எழுதினீங்க, என்ன நடந்ததுன்னு சொல்லாம இருந்தா நல்லாயிருக்காது.

தலைமையாசிரியர் கடிதம் கொடுத்தார். ஏப்ரல்ல முன்சீப் கோர்ட்டுக்கு அஞ்சு நாள் போனா. அதுல ஒரு நாள் வக்கீல்கள் புறக்கணிப்பு, பத்தேமுக்காலுக்கே வீட்டுக்கு வந்துட்டா. மேயில் மாஜிஸ்திரேட் கோர்ட் ஏழு நாள். முதல் நாள் வந்து, “அப்பா, நான் கணக்குப் பார்த்தேன், 38 கேஸ் கூப்பிட்டாங்க, 31-க்கு வாய்தா”ன்னா. முகம் தொங்கிப் போச்சு. எனக்கு உள்ளூர ‘சரி, இத்தோட விட்டுது’ன்னு தோணுச்சு, மறைக்க மாட்டேன். மறுநாள் காலையில அவளே கிளம்பி நிக்கிறா.

மேடம் சொன்னபடி நோட்டுல ரெண்டு பக்கமா எழுதினா. ஒரு ஆட்டுத் திருட்டு வழக்கு. சாட்சியா வந்த பெரியவர்கிட்ட வக்கீல் அரை மணி நேரம் ஆட்டோட நிறம், வயசு, காது மடல்னு கேட்டாராம். இவளுக்கு ஒண்ணும் புரியலை. கடைசியில ‘அன்னைக்கு ராத்திரி கரண்ட் இருந்துச்சா’ன்னு ஒரே கேள்வி. பெரியவர் ‘இல்லை’ன்னுட்டார். வக்கீல் உட்கார்ந்துட்டார். வீட்டுக்கு வந்து சோறு சாப்பிடாம அதையே சொல்லிக்கிட்டு இருந்தா. என்ன தீர்ப்புன்னு தெரியாது, ஜூலைக்குத் தள்ளிப் போட்டிருக்காங்க. அந்தத் தேதியை எங்க கடை காலண்டர்ல எழுதி வச்சிருக்கா.

ஆபீஸ்னு எங்கேயும் விடலை. குமாஸ்தா ஐயா சொன்ன மாதிரி எங்க ஊர்லயே ஒரு பழைய குமாஸ்தா, அவங்க சீனியர் ஒரு அம்மா. அங்கே நாலு நாள், பதினொண்ணு முதல் மூணு வரைக்கும். டைரி பார்க்கவும் டாக்கெட் எழுதவும் கத்துக்கிட்டா. யார் கேஸ், என்ன கேஸ்னு நான் கேட்டதுக்கு, “அது சொல்லக் கூடாதுப்பா”ன்னு வாயை மூடிக்கிட்டா. சங்கர் தம்பி, நேரக் கணக்கு சரியா இருந்துச்சு.

இப்ப தாத்தா கட்டு. அதுக்குத்தான் இதை எழுதறேன். டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்து, தாள்களைத் தேதிவாரியா அடுக்கி, செயலியில இருந்ததையும் எடுத்து, ஒரு நீளப் பட்டியல் போட்டா. ரெண்டாம் பிரதிவாதி நடுவுல இறந்துபோனார், அவர் வாரிசுகளைச் சேர்க்கறதுக்கே ரெண்டே கால் வருஷம். கமிஷனர் வந்து அளந்ததுக்கு ஆட்சேபணை, திரும்ப அளந்தது, அதுல ஒண்ணரை வருஷம். ஜட்ஜ் மாறினப்ப எல்லாம் கொஞ்சம். சித்தப்பா தரப்பு கேட்ட வாய்தா 22. எங்க தரப்பு கேட்ட வாய்தா 27.

நான் நம்பலை. ‘நீ தப்பா எண்ணியிருப்பே’ன்னு திரும்ப எண்ணச் சொன்னேன். 27-தான். ‘வாதி தரப்பில் அவகாசம் கோரி’ன்னு தாளுக்குத் தாள் இருக்கு. சாயங்காலம் அப்பா திண்ணையில உட்கார்ந்திருந்தார். இவ போய்ப் பக்கத்துல உட்கார்ந்து, “தாத்தா, நம்மதான் நிறைய வாய்தா வாங்கியிருக்கோம்”னு பட்டியலைப் படிச்சுக் காட்டினா. அவர் பேசாம கேட்டுக்கிட்டே இருந்தார். முடிச்ச பிறகு, “தெரியும்த்தா. அன்னைக்கெல்லாம் வக்கீலுக்குக் குடுக்க கையில காசு இல்லை. நான்தான் தள்ளிப் போடச் சொன்னேன். உங்க அப்பன்கிட்ட சொல்ல வேண்டாம்னுட்டேன்”னார்.

அந்த வருஷங்கள்லதான் நான் கடைக்கு மெஷின் வாங்கினேன். பணம் அப்பாதான் கொடுத்தார்.


கறுப்புக்கோட்டு | மே 29, இரவு 9.48

அண்ணாச்சி, அந்தப் பட்டியலைப் படம் எடுத்து எனக்கு அனுப்ப முடியுமா? பேர் எல்லாம் மறைச்சிட்டு. என் ஜூனியர்களுக்குக் காட்டணும்.


செல்லம்மா_நெல்லை | மே 29, இரவு 10.02

பெரியவரைக் கேட்டதா சொல்லுங்க.


பழைய_குமாஸ்தா | மே 30, காலை 5.55

அவகாசம் கோரின மனுவுல பாதி நானே எழுதியிருப்பேன் போல இருக்கு, எங்க ஊரா இருந்திருந்தா. ‘வாதிக்கு உடல்நலமில்லை’ன்னு எழுதுவோம். காசு இல்லைன்னு யாரும் எழுதறதில்லை.

ஜூலை தேதிக்கு ஸ்கூல் இருக்கும், லீவு போட விடாதீங்க. தீர்ப்பு என்னன்னு செயலியிலயே பார்த்துக்கலாம். டைப்ரைட்டிங்ல சேர்த்தாச்சா?


டயர்கடைக்காரன் | மே 30, காலை 6.30

தமிழ் இளநிலை. திங்கட்கிழமையிலிருந்து, காலை ஆறு மணி பேட்ச். கொண்டு போய் விடறது தாத்தாவாம். கண்ணு தெரியலைன்னா என்ன, வழி தெரியும்னு சொல்றார்.